மூன்றில் ஒரு தம்ளர்

சூசையப்பர் தோட்டம்,
பண்ணைக்காடு வழி.
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீயும் தம்பி வில்பிரட்டும் சுகந்தானே? தம்பிக்கு முதுகுவலி குறைந்ததா? இங்கே நாங்கள் இருவரும் சுகம். பனி மட்டும் இன்னும் போக மனமில்லாமல் நிற்கிறது.

இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உனக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் உன் நாத்தனார் எழுதும் முதல் கடிதம். போனில் பேசலாம்தான். சிக்னலுக்கு வளைவு ரோடு வரைக்கும் நடக்கவேண்டும். என் காதுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். இவரும் கூடவே வந்து நின்று, நீ கேட்கிற கேள்விக்கெல்லாம் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார். இது இவர் இல்லாமல் பேசவேண்டிய விஷயம்.

எங்கள் மேல்சரிவில் நூற்றுப் பன்னிரண்டு காப்பிச் செடி நிற்கிறது. நீ வந்தபோது மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாயே, அதற்கு மேலே. துளிரும்போது நுனி இலை செம்பு நிறமாக இருக்கும். அதனால் செம்புநுனி என்கிறோம். துரு நோய் வந்ததில் பக்கத்துத் தோட்டங்களில் அந்தச் சாதியே இல்லாமல் போயிற்று. எங்களிடம் எப்படியோ தங்கிவிட்டது. கொட்டை நீளமாக, ஓடம் மாதிரி இருக்கும். கீழ்ச்சரிவுச் செடியின் கொட்டை குட்டையாக உருண்டிருக்கும். செம்புநுனி காய்ப்பது பாதிதான். ஆனால் சுவை வேறு.

இதைச் சொல்வது நான் ஒருத்தி மட்டும். மற்றபடி மேல், கீழ் எல்லாம் ஒரே மூட்டையில் வியாபாரிக்குப் போய்விடுகிறது. வருடத்துக்கு ஒரு படி மட்டும் நானே பறித்து, தோல் நீக்கி, தனியாகக் காயவைத்துப் பங்குச் சாமியாருக்குக் கொடுப்பேன். அவர் பிரமாதம் என்பார். அவர் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்பவர்.

இப்போது இவர், உன் அண்ணன், மேல்சரிவைப் பிடுங்கிவிட்டுப் பட்டர் ஃப்ரூட் வைக்கப் போகிறாராம். செப்டம்பரில் மாதா பிறந்தநாள் கழிந்த மறுநாள் ஆட்கள் இறங்குகிறார்கள். நான் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் இவரே வந்து, "தினம் காப்பி குடிக்கிற பட்டணத்து ஆளுங்களுக்கு வித்தியாசம் தெரியட்டும். செடியத் தொடமாட்டேன். தெரியலைன்னா நீ பேசக்கூடாது" என்றார். யார் சொன்னால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "ஈவ்லின் சொன்னா. நம்ம வீட்டுப் பிரியாணியவே 'பரவாயில்ல'ன்னு சொன்ன பிள்ளை அது" என்றார்.

முப்பது வருடத்தில் இந்தத் தோட்டத்தில் என் சொல்லுக்காக எதுவும் நின்றதில்லை ஈவ்லின். இந்த நூற்றுப் பன்னிரண்டு செடியாவது நிற்கட்டும் என்று பார்க்கிறேன். நீ பார்த்துச் செய்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

அன்புடன்,
புஷ்பம்

*

சேலையூர்,
தாம்பரம் கிழக்கு.
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அதுவாகவே இருக்கட்டும். அவருக்கு முதுகுவலி தேவலை. மறைமலை நகர் தொழிற்சாலையில் நாற்காலியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரியாணி பற்றி அண்ணன் சொன்னது உண்மைதான். உப்பு சற்றுக் குறைவாக இருந்தது.

நடுவராக இருக்கச் சம்மதம். ஆனால் முதலிலேயே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சுவை விஷயத்தில் மனிதர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. நல்ல கோப்பையில் கொடுத்தால் நல்ல காபி என்பார்கள். அதனால் "எப்படி இருக்கிறது?" என்று யாரையும் கேட்கப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று தம்ளர். இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மட்டும் வேறு. அந்த ஒன்றைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் காட்டினாலும் மூன்றில் ஒருவர் சரியாகக் காட்டிவிடுவார். பன்னிரண்டு பேர் குடித்து எட்டுப் பேராவது சரியாகக் காட்டினால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். காட்டாங்குளத்தூரில் கல்லூரி மாணவர்களுக்கு இதைத்தான் பதினெட்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மேல்சரிவில் ஒரு கிலோ, கீழ்ச்சரிவில் ஒரு கிலோ, வறுக்காத கொட்டையாக அனுப்புங்கள். பொட்டலத்தின்மேல் 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதுங்கள். எது எந்தச் சரிவு என்பதைத் தனி உறையில் எழுதி ஒட்டிவிடுங்கள். முடிவு வந்த பிறகே பிரிப்பேன்.

முடிவு எதுவானாலும் அப்படியே எழுதுவேன். உங்களுக்காக ஒரு எண்ணைக்கூட மாற்றமாட்டேன். இதில் வருத்தம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வணக்கத்துடன்,
ஈவ்லின்

*

சூசையப்பர் தோட்டம்.
8 மார்ச் 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே சுகம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், தம்பியை மோர் குடிக்கச் சொல்.

எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீ சொன்னபடியே இரண்டு பொட்டலம், ஒட்டிய உறை. கூடவே மிளகு ஒரு பொட்டலம், ஏலக்காய் கொஞ்சம், மலைவாழை ஒரு சீப்பு. ஏலக்காயை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினேன். கொட்டையையும் அப்படித்தான்.

பரீட்சையைச் சீக்கிரம் முடித்துவிடு. இவர் இப்போதே நர்சரியில் பட்டர் ஃப்ரூட் கன்று பார்த்துவிட்டு வந்து, பெயர் வைக்காத குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மாதா துணை.

புஷ்பம்

*

சேலையூர்.
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். இங்கே இருவரும் நலம். தாமதத்துக்குக் காரணம் உங்கள் தம்பி. தவக்காலத்துக்குக் காபியை விட்டிருந்தார். தான் குடிக்காத காபியை ஊரார் குடிப்பதைப் பார்க்கும் மனவலிமை தனக்கில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் ஈஸ்டர் முடிந்து, நேற்று ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம்.

வறுத்து அரைக்க, மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கத்திடம் கொடுத்தேன். பொட்டலங்கள் தனித்தனியாகவே இருக்கவேண்டும், சிக்கரி கூடாது என்றேன். கவலையோடு என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், சிக்கிரி வேணாமா? ஒடம்பு எதுனா சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேண்டாம்."

"டிகாஷன் தண்ணியா பூடும்மா. ஒரு இருவது கிராம் போட்டுக்கினா யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும் என்றேன். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்கினேன். எங்கள் குழாய்த் தண்ணீரில் உப்பு என்பதால் கேன் தண்ணீர் பயன்படுத்தினேன். பால், சர்க்கரை எல்லாம் அளந்துதான். உங்கள் தம்பி அடுக்களையில் ஊற்றினார். எந்தத் தம்ளரில் எது என்பதைக் கணினி கொடுத்த எண்களின்படி அவர் குறித்துக்கொண்டார். நான் கூடத்தில் கொடுத்தேன். எனக்கும் எது எதுவென்று தெரியாது.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். செயலாளர் மோகன்ராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டு குடித்து, மூன்றாவது தம்ளர்தான் என்று அறிவித்தார். தவறு. இந்த அடுக்குமாடிக்கு நிலம் கொடுத்த குடும்பத்துத் தாயாரம்மாள் தரைத்தளத்தில் இருக்கிறார். மூன்றையும் காலி செய்துவிட்டு, "மூணும் ஒண்ணாத்தான் கீது. இன்னாத்துக்கு மூணு டம்ளர வச்சிக்கினு பேஜார் பண்ற? ஒரே லோட்டால ஊத்திக் குடுத்திருந்தா நிம்மதியா குடிச்சிருப்பேன்ல?" என்றார். ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தியதில் கோபமாக நடுத் தம்ளரைக் காட்டினார்.

சரியாகச் சொன்னவர்கள் பன்னிரண்டில் நான்கு பேர். குருட்டாம்போக்கில் என்ன வருமோ அதேதான். வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, அண்ணி. உறையையும் பிரித்தேன். 'அ' மேல்சரிவு, 'ஆ' கீழ்ச்சரிவு என்று எழுதியிருந்தீர்கள்.

வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை. மிளகு நன்றாக இருந்தது.

வணக்கத்துடன்,
ஈவ்லின்

*

சூசையப்பர் தோட்டம்.
19 மே 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். சுகம். உன் கடிதம் கிடைத்தது. இவர்தான் பிரித்தார். வளைவு ரோட்டில் நின்று இரண்டு பேருக்கு வாசித்தும் காட்டினார். கன்றுக்குச் சொல்லியாயிற்று.

கோடை மழை நன்றாகப் பெய்தது. மேல்சரிவு முழுக்கப் பூத்து உதிர்ந்தது.

தம்பியைக் கேட்டதாகச் சொல்.

புஷ்பம்

*

சேலையூர்.
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலந்தானா என்று இந்த முறை கடமைக்குக் கேட்கவில்லை. உங்கள் போன கடிதம் ஒன்பது வரிதான் இருந்தது. அதனால் கேட்கிறேன்.

உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது என்று இரண்டு வாரமாக யோசித்தேன்.

பரீட்சை முடிந்த மறுவாரம் மோகன்ராஜ் சார் லிஃப்டில் என்னை மடக்கி, "மேடம், அந்த எக்ஸாம் காபி இன்னும் ஸ்டாக் இருக்கா?" என்றார். நான்கு நாள் கழித்து இரண்டாம் மாடியில் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் தீபா, அடுத்த பரீட்சை எப்போது, நான் எத்தனை முறை வேண்டுமானாலும் ஃபெயில் ஆகத் தயார் என்றாள். தாயாரம்மாள் ஒரு எவர்சில்வர் டப்பாவையே கொடுத்தனுப்பிவிட்டார். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கேட்டாயிற்று. பொன்னுரங்கம்கூட, "சிக்கிரி இல்லாமயே அப்டி வாசன வந்துச்சே மேடம், எந்த ஊரு கொட்ட அது?" என்று கேட்டார்.

எந்தத் தம்ளரைக் கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். "எல்லாம்தான்" என்கிறார்கள்.

வித்தியாசமே இல்லாத இரண்டு காபி, இரண்டுமே இவ்வளவு பேரைத் திரும்ப வரவைத்ததா? அது எனக்கு இடித்தது. எப்போதுமே கொஞ்சம் மாதிரியை ஒதுக்கி வைப்பது என் பழக்கம். இரண்டு பொட்டலத்திலிருந்தும் வறுப்பதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து வைத்திருந்தேன். உங்கள் தம்பி தொழிற்சாலையிலிருந்து அளவுகோலைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது கொட்டையை அளந்தார். நட்டு போல்ட்டைத் தவிர வேறெதையும் அளந்து அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. 'அ'வின் சராசரி நீளம் 10.4 மில்லிமீட்டர். 'ஆ'வும் 10.4. எல்லாமே ஓடம் மாதிரிதான் இருக்கின்றன.

கடையில் பொன்னுரங்கம் இரண்டையும் கலந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். தவறு என் பக்கந்தான். நான் இன்னும் கவனமாக இருந்திருக்கவேண்டும். உங்களுக்கு வேறேதாவது தோன்றினால் எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
ஈவ்லின்

*

சூசையப்பர் தோட்டம்.
2 ஜூலை 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். சுகம் என்று எழுதலாம். இரண்டு மாதமாக இல்லை.

நல்ல வேளை, உன் கடிதம் வந்தபோது இவர் வத்தலகுண்டுக்குப் போயிருந்தார். இனி என் சிநேகிதி ஜீவரத்தினம் டீச்சர் விலாசத்துக்கு எழுது. அவள் வாய் திறக்கமாட்டாள்.

பொன்னுரங்கம் பாவம். வறுக்காமல் உன் வீட்டில் இருந்த கொட்டையை அவர் எப்படிக் கலப்பார்? என்னைத் தப்பிக்க விடத்தான் நீ அப்படி எழுதினாய் என்று தெரிகிறது. உனக்கு இப்படியெல்லாம் எழுதத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை.

நான்தான் செய்தேன். ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை. மேல்சரிவுக் கொட்டையைக் கட்டி 'அ' போட்டேன். அடுத்து, கீழ்ச்சரிவுக் கொட்டையை முறத்தில் அள்ளினேன். துளை விழுந்தது, கறுத்தது, உடைந்தது. பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தேன். என்ன பொறுக்கினாலும் அது இரண்டாந்தரந்தான். இதையா தம்பி வீட்டுக்கு அனுப்புவது? நான் பிறந்த வீட்டுக்கு ஒரு நாளும் இரண்டாந்தரம் அனுப்பியதில்லை. அதுவும் ஈவ்லின் வாயில் படப் போகிறது. கை போகவில்லை. முறத்தைக் கவிழ்த்துவிட்டு இரண்டிலும் நல்லதையே கட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக நல்ல காப்பி குடித்தால் இரண்டு மடங்கு நன்றாயிருக்கிறது என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். மூன்று தம்ளர், எட்டுப் பேர் என்று நீ எழுதியது எனக்கு அப்போது விளங்கவில்லை. உன் முடிவை இவர் வாசித்துக் காட்டியபோதுதான் விளங்கியது. என் செடியை என் கையாலேயே தோற்கடித்திருக்கிறேன்.

உறையில் 'ஆ' கீழ்ச்சரிவு என்று பொய்தான் எழுதினேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், "காப்பி சம்பந்தமான பாவமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இப்போது இவரிடம் சொன்னால் கள்ளாட்டம் என்பார். சொல்லாவிட்டால் செடி போய்விடும். என்ன செய்யட்டும்?

புஷ்பம்

*

சேலையூர்.
12 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை உங்கள் தம்பியிடம் காட்டினேன். மன்னியுங்கள், காட்டாமல் இருக்க முடியவில்லை. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டு எழுதுகிறேன்.

என் தவறும் இதில் உண்டு. மாணவர்களிடம் 'புரிந்ததா?' என்று இரண்டு முறை கேட்பேன். உங்களிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று பயம். அடுத்து, தாயாரம்மாளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். பன்னிரண்டு பேரில் மூன்றும் ஒன்று என்று உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் அதட்டினேன்.

நடுவர் என்ற முறையில் என் தீர்ப்பு இது. ஏப்ரல் பரீட்சை செல்லாது. அண்ணன் ஜெயிக்கவும் இல்லை, நீங்கள் தோற்கவும் இல்லை. மறுபரீட்சை வைப்பேன். ஆனால் அதற்கு முன்னால் அண்ணனிடம் நீங்களே எல்லாவற்றையும் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் ஒரு பரீட்சையை நடத்த என்னால் முடியாது. அவர் ஏசினால் என்னையும் சேர்த்து ஏசச் சொல்லுங்கள்.

இரண்டாந்தரத்தை அனுப்பினால் உங்களைக் குறைவாக நினைப்பேனோ என்று பயந்திருக்கிறீர்கள். இருபத்து மூன்று வருடமாக உங்கள் வீட்டுக்கு எதை வாங்கி வந்தாலும், கடையில் மூன்று முறை மாற்றி வாங்குகிறேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அன்புடன்,
ஈவ்லின்

*

சூசையப்பர் தோட்டம்.
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே எல்லாரும் சுகம், வீடு இன்னும் இடியவில்லை. தம்பியைக் குனியவேண்டாம் என்று சொல்.

சொல்லிவிட்டேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன், எழுந்து போக முடியாதல்லவா. முதலில் இவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அப்போ நான் ஜெயிச்சது பொய்யா? ரோட்டுல நின்னு வாசிச்சுக் காட்டினேனேடி!" என்றார். அதில்தான் அதிக வருத்தம்.

பிறகு, "உங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது. மறுபடி வைக்கிறதுன்னா கொட்டைய நானே கட்டி, நானே கொண்டுபோவேன்" என்றார். மறைமலை நகரில் இவர் சிநேகிதர் சிட்டிபாபு மகளுக்கு இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் கல்யாண வரவேற்பு. அதற்கு வரும்போது காலையில் உன் வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவாராம். பரீட்சைக்கெல்லாம் நிற்கமாட்டாராம். "பொம்பளைங்க காப்பி குடிக்கிறத வேடிக்கை பார்க்கவா நான் வந்தேன்?" என்கிறார்.

கன்றுகள் வந்து இறங்கிவிட்டன, நூற்றைம்பது. செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்கு ஆறு ஆட்களுக்கு அச்சாரமும் கொடுத்தாயிற்று. என்ன முடிவு வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை கொட்டையை நான் தொடவில்லை. இன்று பூசையில் நன்மை எடுத்த வாயால் சொல்கிறேன்.

அன்புடன்,
புஷ்பம்

*

சேலையூர்.
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் நல்ல உடல்நிலையில் இருக்கவேண்டும், ஏனென்றால் நீளமானது.

முதலில் முடிவு. பதினான்கு பேர். ஒன்பது பேர் சரியாகக் காட்டவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி மோகன்ராஜ் சாரிடம் கையெழுத்து வாங்கிவைத்திருந்தேன். சரியாகக் காட்டியவர்கள் பதினொரு பேர். தற்செயலாக இப்படி வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் மேல்சரிவு வேறுதான், அண்ணி.

அண்ணன் காலையில் வந்து, சணல் கட்டி அரக்கு வைத்த இரண்டு டப்பாக்களைக் கொடுத்துவிட்டு நேராக மறைமலை நகருக்குப் போய்விட்டார் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

இனி பதினான்காவது நபரைப் பற்றி. வெளியூர்க்காரர். பெயரை எழுதமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பொன்னுரங்கம் கடையில் இயந்திரத்தை என்னைவிட நெருங்கி நின்று பார்த்தார். "யாரு மேடம் இவுரு, போலீஸா?" என்று பொன்னுரங்கம் கேட்டார். மாலை மூன்று மணிக்கு எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தபோது, கையைக் கட்டிக்கொண்டு பால்கனிக் கதவோரம் நின்றார். தாயாரம்மாள் விடவில்லை.

"இன்னா சார், வேட்டி கட்டிக்கினு சும்மா நிக்கிறீங்க? உங்களுக்கு இன்னா காபி கசக்குதா?"

"இல்லம்மா, நமக்கு இதெல்லாம்..."

"கிடக்குது, உக்காருங்க. மூணு டம்ளர். ஒண்ணு வேற. தோத்துட்டா யாரும் சிரிக்கமாட்டோம். நான் மட்டும் சிரிப்பேன்."

உட்கார்ந்தார். முதல் தம்ளரைக் குடித்து வைத்தார். இரண்டாவதை ஒரு வாய் குடித்தார். அப்படியே நிறுத்தினார். மூன்றாவதை எடுத்து முகர்ந்து வைத்துவிட்டு, மறுபடி இரண்டாவதை எடுத்து முழுவதும் குடித்து முடித்தார்.

"நடுவுல உள்ளது" என்றார். பிறகு மெதுவாக, "இதுல இன்னொரு தம்ளர் இருக்குமா?"

இருந்தது. அதையும் குடித்துவிட்டு, "இது எந்த டப்பா?" என்றார். எல்லாரும் முடித்த பிறகுதான் சொல்வேன் என்றேன். சாயங்கால வரவேற்பை மறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உங்கள் தம்பி அடுக்களையிலிருந்து தாளைக் கொண்டுவந்து வாசித்தார். நடுத் தம்ளர், மேல்சரிவு.

அவர் காலித் தம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நல்லதெல்லாம் மூட்டையில போயிடும். வீட்டுக்குன்னு நிக்கிறது தள்ளுன கொட்டைதான். முப்பது வருஷமா அதத்தான் குடிக்கிறேன். நம்ம மரத்துக் காப்பிய நான் குடிச்சதே இல்ல." எழுந்து செருப்பைத் தேடினார். அது அவர் காலிலேயே இருந்தது.

செடிகளைப் பற்றிக் கேட்டேன். வரவேற்புக்கு நேரமாயிற்று என்று இறங்கிப் போய்விட்டார். அதனால் ஒன்பதாம் தேதி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு முறை, தெரியாததையும் எழுத ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ஈவ்லின்

*

சூசையப்பர் தோட்டம்.
10 செப்டம்பர் 2025

தங்கச்சி ஈவ்லினுக்கு சவுரிமுத்து எழுதுவது.

சுகம். மச்சான் சுகமா?

நேற்று ஆட்கள் வந்தார்கள். மேல்சரிவில் அட்டை அதிகம், ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அங்கே வெட்டவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. புஷ்பம் உனக்கு வேறு மாதிரி எழுதினால் நம்பவேண்டாம்.

மச்சான் அன்றைக்கு எத்தனை கரண்டித் தூளுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டார், எவ்வளவு நேரம் இறங்கவிட்டார் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பவும். வறுக்கும்போது எந்த நிறத்தில் எடுக்கவேண்டும் என்று அந்தக் கடைக்காரரிடமும் கேட்கவும். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

இப்படிக்கு,
சவுரிமுத்து

*

சூசையப்பர் தோட்டம்.
28 செப்டம்பர் 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே பரம சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க இந்த ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். தாயாரம்மாள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன், அவர் என்ன சாமி கும்பிட்டாலும் சரி.

ஒன்பதாம் தேதி நடந்ததைக் கேள். ஆறு ஆட்களும் காலை ஏழு மணிக்கே மண்வெட்டி, கடப்பாரையோடு முற்றத்தில் நின்றார்கள். நான் ஜன்னலோரம் ஜெபமாலையோடு நின்றேன். இவர் காப்பியைக் குடித்துக்கொண்டே அவர்கள் முன்னால் நடந்தார். மேல்சரிவுக்குப் பிரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்றார். "கீழ பாருங்கப்பா" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். கீழ்ச்சரிவில் ஒரு பக்கம் முழுக்கக் குழி எடுத்துப் பட்டர் ஃப்ரூட் நட்டாயிற்று. மழையும் நேரத்துக்கு வந்தது.

மத்தியானம் வந்து, அட்டை கடிக்கும் என்று ஆட்கள் மேலே ஏற மறுத்துவிட்டார்கள் என்றார். மூன்று தலைமுறையாக அட்டையோடு பிழைக்கிற ஆட்கள்! அப்படியா, பாவம் என்றேன்.

உன் பதினான்காவது நபர் யாரென்று நான் கேட்கவில்லை. நீ சத்தியத்தைக் காப்பாற்று.

பரீட்சைக்கென்று எடுத்துவைத்த செம்புநுனியில் மீதமிருந்ததைக் கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கென்று ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. இவரைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் எலி என்றார்.

பரணில் ஏறி, டப்பா மூடியைத் திறந்து, கொட்டையை வறுத்து, அரைத்து, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிற எலி.

பொறி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
புஷ்பம்